எட்டரை அடிப் பாதை பிறந்த கதை

பிரிட்டனில் சைக்கிளுக்கென்றே திட்டமிட்டுப் போட்ட முதல் சாலையோரப் பாதையை 1934 டிசம்பர் 14 அன்று போக்குவரத்து அமைச்சர் திறந்துவைத்தார். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது யார் தெரியுமா? கார் முதலாளிகள் வாயைத் திறக்கவில்லை. வரிப்பணம் வீண் என்று எவரும் வழக்குப் போடவில்லை. வேண்டவே வேண்டாம் என்று மல்லுக்கு நின்றது, அந்த நாட்டின் பழம்பெரும் சைக்கிள் சங்கம்.

கேட்காமலேயே கிடைத்த சலுகையை எட்டி உதைத்த அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. புதிதாகப் போடும் நகரச் சாலைகளில் சைக்கிளுக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் எப்படி வந்தது, யாருடைய வசதிக்காக வந்தது என்று தேடிக்கொண்டு போனால் முதலில் வந்து நிற்பது இந்தச் சண்டைதான்.

சண்டை நடந்த இடம் வெஸ்டர்ன் அவென்யூ. லண்டனிலிருந்து மேற்கே ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் போகிற சாலை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1921 வாக்கில், வயல்வெளிகளுக்கு நடுவே புதிதாக வெட்டத் தொடங்கினார்கள். பழைய சாலைகளைப் போலக் கிராமம் கிராமமாக வளைந்து நெளியாமல், நேராக, அகலமாக, காருக்கென்றே பிறந்த சாலை. சாலை வந்ததும் தொழிற்சாலைகள் வந்தன. பெரிவேலில் 1930-களின் தொடக்கத்தில் எழுந்த ஹூவர் கம்பெனியின் வெள்ளைக் கட்டடம் இன்றும் இருக்கிறது. வாக்யூம் கிளீனர் செய்த இடம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அரண்மனை மாதிரி இருக்கும். இப்போது அதற்குள் அடுக்குமாடி வீடுகள். அன்றைக்கு இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் சைக்கிளில்.

அந்தக் காலத்து பிரிட்டனில் சைக்கிள்கள் ஏறக்குறைய ஒரு கோடி. கார்கள் பதினைந்து லட்சம்கூடக் கிடையாது. ஆனால் சாலையில் யார் கை ஓங்கியிருந்தது என்பதை எண்ணிக்கை தீர்மானிக்கவில்லை. 1934-ஆம் ஆண்டு மட்டும் பிரிட்டிஷ் சாலைகளில் செத்தவர்கள் 7,343 பேர். காயம்பட்டவர்கள் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். இன்று பல மடங்கு வண்டிகள் ஓடும் அதே நாட்டில் ஆண்டுச் சாவு 1,700 அளவில்தான் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் அன்றைய கோரம் புரியும். செத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நடந்து போனவர்கள். சைக்கிளில் போனவர்களின் கணக்கும் சிறியதல்ல.

இந்த நேரத்தில்தான் லெஸ்லி ஹோர்-பெலிஷா போக்குவரத்து அமைச்சராக வந்தார். வந்த புதிதில் கேம்டனில் சாலையைக் கடக்கும்போது ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அவர்மேலேயே மோதப் பார்த்தது என்பார்கள். பாதசாரிகள் கடக்கும் இடங்களில் ஆரஞ்சு நிறக் கண்ணாடி உருண்டையோடு நிற்கும் கம்பங்களை அவர் நாடெங்கும் நட்டார். இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான். ஊர்ப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் வேக வரம்பு, ஓட்டுநர் உரிமத்துக்குக் கட்டாயத் தேர்வு என்று அடுத்தடுத்து வந்தவையெல்லாம் அவர் காலத்து நடவடிக்கைகள். விளம்பரப் பிரியர் என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. செய்துவிட்டுப் போகட்டும், வேலை நடந்தது. அந்த வரிசையில் வந்ததுதான் வெஸ்டர்ன் அவென்யூவின் சைக்கிள் பாதை.

ஹேங்கர் லேனிலிருந்து கிரீன்ஃபோர்டு சாலை வரை இரண்டரை மைல். சாலையின் இரு பக்கமும் ஒவ்வொன்று. கான்கிரீட் தளம், எட்டரை அடி அகலம். மூன்று பேர் சைக்கிளில் பேசிக்கொண்டே இணையாகப் போகலாம். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டிப் பார்த்தவர்கள்தான் குறை கண்டார்கள். குறுக்குத் தெரு ஒன்று வந்து சேரும் இடத்தில் எல்லாம் பாதை அறுந்தது. அங்கே சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, இறங்கி, வரும் காருக்கு வழிவிட்டு, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். பக்கத்தில் பெரிய சாலையில் போகிற கார் எதற்கும் நிற்கவில்லை. சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், நின்ற சைக்கிளை மறுபடி கிளப்புவதில்தான் உயிர் போகும். இதையெல்லாம் தாண்டி இரண்டரை மைல் முடிந்ததும் பாதை அப்படியே நின்றுபோய், எந்தக் கார்க் கூட்டத்திலிருந்து காப்பாற்றியதோ அதே கூட்டத்துக்கு நடுவில் ஆளைக் கொண்டுபோய் விட்டது.

ஆனால் சங்கத்தின் கோபத்துக்கு வேர் இதைவிட ஆழமானது. சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்ற அந்த அமைப்பு 1878-இல் தோன்றியது. அப்போது காரே கிடையாது. ரயில் வந்த பிறகு கவனிப்பாரற்றுக் குண்டும் குழியுமாகக் கிடந்த நெடுஞ்சாலைகளைச் செப்பனிடச் சொல்லி, இன்னொரு சைக்கிள் சங்கத்தோடு சேர்ந்து 1886-இல் சாலை மேம்பாட்டுக்கென ஒரு அமைப்பையே தொடங்கியவர்கள் இவர்கள். சைக்கிளும் ஒரு வண்டிதான், குதிரை வண்டிக்குச் சாலையில் உள்ள உரிமை அதற்கும் உண்டு என்று 1888-ஆம் ஆண்டுச் சட்டம் ஒத்துக்கொண்டது. அதற்கு முன்னால் குதிரைக்காரர்கள் சைக்கிள்காரர்களைச் சாட்டையால் விளாசிய சம்பவங்கள் உண்டு. ஆக, நல்ல சாலை வேண்டும் என்று முதலில் கேட்டு வாங்கியவர்கள் சைக்கிள்காரர்கள். பின்னால் வந்த கார் அந்தச் சாலையில் உட்கார்ந்துகொண்டது. இப்போது 'நீ ஓரமாகப் போ' என்றால்?

சங்கத்தின் செயலாளர் ஜி.எச். ஸ்டான்சர் பழைய பந்தய வீரர். பாதை ஒன்று இருந்தால் இன்று 'விருப்பமிருந்தால் போங்கள்' என்பார்கள், நாளை 'சாலையில் ஏறாதே' என்பார்கள் என்பதுதான் அவர் தரப்பின் வாதம். இது வீண் பயமில்லை. ஜெர்மனியில் நாஜி ஆட்சி அதே 1934-இல் கொண்டுவந்த சாலை விதியில், பாதை இருக்கும் இடத்தில் சைக்கிள் அதில்தான் போக வேண்டும் என்று இருந்தது. பிரிட்டனிலேயே, பிரபுக்கள் சபை அமைத்த ஆல்னஸ் பிரபுவின் குழு 1939-இல் கொடுத்த அறிக்கையில் சைக்கிள் பாதைகளைப் பெருக்கவும், அவற்றைக் கட்டாயமாக்கவும் பரிந்துரைத்தது. அதே ஆண்டு போர் வந்ததால் அறிக்கை அலமாரிக்குப் போனது.

பாதையின் நோக்கம் ஓட்டிகளின் உயிரைக் காப்பதா, காரின் வழியைத் துடைப்பதா? இரண்டும்தான் என்று அமைச்சகம் சொல்லியிருக்கும். என் வாசிப்பில், இரண்டாவது காரணம் இல்லாவிட்டால் முதலாவதற்காக மட்டும் அந்த கான்கிரீட் விழுந்திருக்காது.

அமைச்சகம் இந்த யோசனையைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஹாலந்துப் பொறியாளர்களிடம் கேட்டறிந்துதான் செய்தது. அங்கே கதை வேறு மாதிரி தொடங்கியது. யூட்ரெக்ட் நகரத்தின் மாலிபான் நிழற்சாலையில் 1885-இலேயே சைக்கிளுக்கு ஒரு தடம் ஒதுக்கினார்கள். அப்போது விரட்டுவதற்குக் கார் ஏது? ஊருக்கு ஊர் செங்கல்லும் உருண்டைக் கல்லும் பாவிய சாலைகளில் சைக்கிள் ஓட்டினால் எலும்பு கழன்றுவிடும் என்பதால், ஓட்டுகிறவர்கள் சுகமாகப் போகட்டும் என்று வழவழப்பாக ஒரு பட்டை. அவ்வளவுதான். 1924-இல் ஹாலந்து அரசு சைக்கிளுக்கு வரி போட்டது. வண்டி ஒன்றுக்கு மூன்று கில்டர்; கட்டியவருக்கு ஒரு சிறிய உலோக வில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் ஒரு காலத்தில் சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை கொடுத்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹாலந்தில் வேலையில்லாதவர்களுக்கு வில்லை இலவசம். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், இவன் காசு கட்டாதவன் என்று ஊருக்கே தெரியும்படி. சைக்கிள்காரன் தந்த பணம் சாலை நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. 1930-களில் அங்கேயும் காரின் வசதி உள்ளே நுழைந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் பாதைகள் நல்லவையாக இருந்ததால் ஆட்கள் அவற்றில் போனார்கள்.

பிரிட்டனில் வெஸ்டர்ன் அவென்யூவுக்குப் பிறகு போர் தொடங்கும்வரை, புதிதாகப் போட்ட பெருஞ்சாலைகளின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குச் சைக்கிள் பாதைகள் போடப்பட்டன. அரசே மானியம் கொடுத்தது. பிறகு நாடே அவற்றை மறந்துபோனது. மறந்தது என்றால், நிஜமாகவே மறந்தது. 2017-இல் கார்ல்டன் ரீட் என்ற பத்திரிகையாளர் பழைய ஆவணங்களை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பாதைகளைத் தேடிப் புறப்பட்டார். பல இடங்களில் அவை நடைபாதை என்றும், வீடுகளுக்கு முன்னால் கார் நிறுத்தும் ஓரச் சாலை என்றும் பெயர் மாறிக் கிடந்தன. சிலவற்றின்மேல் புல் மூடியிருந்தது. எந்தக் கார்களுக்காக சைக்கிள்களை ஓரங்கட்டினார்களோ அந்தக் கார்களே பிறகு ஓரத்தையும் எடுத்துக்கொண்டன. வெஸ்டர்ன் அவென்யூ இன்று ஏ40. ஆறு தடங்களில் கார்கள் பறக்கின்றன.

போர் முடிந்ததும் ஒரு புது வாய்ப்பு வந்தது. இந்த முறை சாலை ஒன்று மட்டும் புதிதல்ல, ஊரே புதிது. குண்டு விழுந்து நெரிசலில் தவித்த லண்டன்வாசிகளைக் குடியமர்த்த, நகரத்துக்கு வடக்கே சுமார் 30 மைலில் இருந்த ஸ்டீவனேஜ் என்ற சின்ன ஊரை 1946 நவம்பரில் பிரிட்டனின் முதல் புதுநகரமாக அறிவித்தார்கள். ஆறாயிரம் பேர் இருந்த ஊரில் அறுபதாயிரம் பேரைக் குடிவைக்கத் திட்டம். உள்ளூர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். அமைச்சர் லூயிஸ் சில்கின் கூட்டத்துக்கு வந்தபோது அவர் கார் டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள்; ரயில் நிலையப் பலகையில் ஊர் பெயரை 'சில்கின்கிராட்' என்று மாற்றி எழுதிவைத்தார்கள். ஊர் என்னவோ எழும்பியது.

அந்த ஊரின் சாலைகளை வரைந்தவர்களில் எரிக் கிளாக்ஸ்டன் முக்கியமானவர். பின்னால் தலைமைப் பொறியாளரும் ஆனார். பொறியாளர் என்பதைவிட முக்கியம், வேலைக்குச் சைக்கிளில் போகிறவர். வெஸ்டர்ன் அவென்யூ பாதை எங்கே தோற்றது என்பது அப்படிப்பட்டவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதை நேராகப் போகும் இடத்தில் எவரும் சாவதில்லை. சந்திப்பில்தான் சாவு. அதனால் அவர் கைவைத்தது சந்திப்புகளில். பெரிய சாலைகள் கூடும் இடங்களில் ரவுண்டானா வைத்தார். கார்கள் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். சைக்கிளும் நடப்பவர்களும் அதற்கு அடியில் குறுக்கே போய்விடுவார்கள்.

சுரங்கப்பாதை என்றதும் நமக்கு இருட்டு, மழைத் தண்ணீர், துர்நாற்றம் எல்லாம் நினைவுக்கு வரும். கிளாக்ஸ்டனின் சூட்சுமம் இங்கேதான். லாரி போக வேண்டிய உயரத்தில் பாதி இருந்தாலே சைக்கிள் நுழைந்துவிடும். அதனால் ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை. தோண்டிய மண்ணை எடுத்து மேலே சாலையைக் கொஞ்சம் உயர்த்தினார், கீழே பாதையைக் கொஞ்சம் தாழ்த்தினார். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். மேம்பாலமாக இருந்தால் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம்; மிதிக்கிறவர் மூச்சு வாங்கி ஏற வேண்டும். சுரங்கமாக இருந்தால் முதலில் இறக்கம். இறங்கும்போது கிடைக்கிற வேகமே மறுபக்கம் பாதி ஏற்றத்தைத் தாண்டிவிடும். குறுக்கே எந்தக் காரும் இல்லாததால் நிற்கவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். சைக்கிள் ஓட்டாத ஒருவருக்கு இந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

எல்லாம் ஊர் எழும்பும்போதே செய்ததால் இடிக்க ஒரு வீடில்லை, கடையை எடு என்று யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 1950-களின் நடுவிலிருந்து எழுபதுகள் வரை, பன்னிரண்டடி அகலத்தில் சைக்கிளுக்கும் அதன் பக்கத்திலேயே நடப்பவர்களுக்கும் என்று ஊர் முழுக்கப் பின்னிவிட்டார்கள். வீட்டிலிருந்து தொழிற்சாலை, பள்ளிக்கூடம், கடைத்தெரு என எங்கேயும் ஒரு காரைக்கூடக் குறுக்கே சந்திக்காமல் போய் வரலாம். கடைத்தெருவுக்குள்ளும் கார் கிடையாது. 1959-இல் ராணி வந்து திறந்துவைத்த அது, நடப்பவர்களுக்காகவே கட்டிய பிரிட்டனின் முதல் நகர மையம். வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்து பார்த்து வியந்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஸ்டீவனேஜ்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சைக்கிளை விட்டார்கள். ஆரம்பத்தில் ஷிப்ட் விடும்போது நிரம்பி வழிந்த பாதைகள் வெறிச்சோடத் தொடங்கின. இந்த நூற்றாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். சைக்கிள் பாதையே இல்லாத எத்தனையோ பிரிட்டிஷ் ஊர்களின் கணக்கும் அதேதான்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சைக்கிளுக்கு எவ்வளவு அருமையாகச் செய்தாரோ, அதே அருமையோடு காருக்கும் செய்திருந்தார் கிளாக்ஸ்டன். அகலமான சாலைகள், சிக்னலே இல்லாத ரவுண்டானாக்கள், குறுக்கே சைக்கிளும் வராது, ஆளும் வர மாட்டார்கள். நினைத்த இடத்துக்குப் பத்து நிமிடத்தில் போய், வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம். கையில் காசு சேர்ந்து கார் வாங்கியவர், மழையில் நனைந்துகொண்டு எதற்காக மிதிக்க வேண்டும்? சைக்கிளைக் கண்ணிலிருந்து மறைத்துக் கீழே அனுப்பியதில் மேலே இருந்த காருக்குத்தான் கூடுதல் லாபம். மனிதர் வருத்தப்பட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பொறியாளருக்கு இட்ட வேலையை அவரைவிட நன்றாக யார் செய்திருக்க முடியும்?

கணக்கை நேர் செய்த ஊர் ஹாலந்தில் இருக்கிறது: ஹௌடன். யூட்ரெக்டுக்குத் தெற்கே, 1966-இல் விரிவாக்கத்துக்கென்று தேர்ந்தெடுத்தபோது நான்காயிரம் பேர் சொச்சம் இருந்த கிராமம். திட்டம் போட வந்தவர் ராப் டெர்க்ஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர். அவர் ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை போட்டார். கார் அந்த வட்டத்திலிருந்து ஒவ்வொரு குடியிருப்புக்குள்ளும் போகலாம், வரலாம். ஆனால் ஒரு குடியிருப்பிலிருந்து பக்கத்துக் குடியிருப்புக்கு உள்வழியாகக் காரில் போக முடியாது. திரும்பி வட்டச் சாலைக்குப் போய், சுற்றிக்கொண்டுதான் நுழைய வேண்டும். உள்ளே குறுக்கும் நெடுக்கும் நேராகப் போவது சைக்கிள் மட்டும். பள்ளிகளும் கடைகளும் ரயில் நிலையமும் அந்தப் பாதைகளின் மேல்தான் இருக்கின்றன. நாலு தெரு தள்ளி இருக்கிற தோழி வீட்டுக்கு மகள் மூன்று நிமிடத்தில் மிதித்துப் போய்விடுவாள். அவளைக் காரில் கொண்டு விடுகிறேன் என்று கிளம்பும் அப்பா ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது அவர்கள் விளையாடத் தொடங்கியிருப்பார்கள். காரும் சைக்கிளும் கலந்து போக வேண்டிய தெருக்களில் சிவப்புத் தார் போட்டு, 'கார் இங்கே விருந்தாளி' என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

காரைத் தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹௌடன்காரர்களிடம் கார்கள் நிறையவே இருக்கின்றன. ஊருக்கு வெளியே போகக் கார், உள்ளே சைக்கிள் என்று தானாகவே பிரிந்துவிட்டது. இன்று அங்கே மக்கள்தொகை ஐம்பதாயிரம். ஊர் வளர்ந்தபோது தெற்கே இன்னொரு வட்டத்தை ஒட்டவைத்து எட்டு போல ஆக்கினார்கள், விதியை மாற்றவில்லை. ரயில் நிலையத்தில் தண்டவாளத்துக்கு அடியிலேயே ஆயிரக்கணக்கான சைக்கிள்களை நிறுத்தலாம். ஹாலந்தின் சைக்கிள் ஓட்டிகள் சங்கம் வழங்கும் 'சைக்கிள் நகரம்' பட்டத்தை 2008-இலும் 2018-இலும் இந்த ஊர் வாங்கியது.

உங்கள் ஊரில் புதுச் சாலைக்கான வரைபடம் வெளியானால், ஓரத்தில் பச்சையாக ஒரு சைக்கிள் பட்டை நிச்சயம் வரைந்திருப்பார்கள். அதன் அகலத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எட்டரை அடி வெஸ்டர்ன் அவென்யூவிலும் இருந்தது. குறுக்குத் தெரு வரும் இடத்தில் நிற்க வேண்டியவர் யார், பட்டை முடிகிற இடத்தில் சைக்கிள் எங்கே போய்ச் சேர்கிறது, அதே தூரத்துக்குக் கார் எவ்வளவு சுற்ற வேண்டும் என்ற மூன்றையும், தார் ஊற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.